யார் முந்துவது? – சீட்டு ஆளிமுறை வலையமைப்புகளில் முன்னுரிமையின் வரலாறு

செய்தித்தொடர்பின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குதிரை அஞ்சலிலிருந்து தந்திக்கும், தந்தியிலிருந்து ஒளியிழைக்கும் மனிதன் எவ்வாறு வந்து சேர்ந்தான் என்பதே அவ்வரலாற்றின் சாரம். ஆயினும் எத்துணை வேகமான வழியாயினும் அதன் கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எட்டப்படும் கணத்தில், முந்துவது யார், காத்திருப்பது யார் என்னும் வினா எழுந்தே தீரும். இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளைத் தொடர்ந்து நோக்குமிடத்து, இன்று பெரும் வலையமைப்புகளின் நடுவே ஓடும் பொதிகள் ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று பிற்றுகளாக ஒடுங்கி நிற்கும் முன்னுரிமைக் குறி வெறும் பொறியியல் விவரம் அன்று என்பது புலனாகும்.

தந்திக் காலத்தில் அவ்விடை ஒளிவுமறைவின்றி அளிக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டு சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நிறைவேறிய சர்வதேசத் தந்தி உடன்படிக்கை தந்திகளை அரசுத் தந்தி, சேவைத் தந்தி, தனியார் தந்தி என மூவகைப்படுத்தி, அரசுத் தந்திக்கு ஏனையவற்றினும் முன்னுரிமை வழங்கிற்று. மிகைக் கட்டணம் செலுத்தும் தனியாருக்கு அவசரத் தந்தி என்னும் வழியும் பின்னர் எங்கும் வழக்காயிற்று. அதிகாரம் உடையவர் முதலில், பணம் உடையவர் அடுத்து, எஞ்சியோர் வந்த ஒழுங்கில் என்பதே நடைமுறை. கம்பியின் முனையில் அமர்ந்திருந்த தந்தியாளன் கையிலுள்ள தாள்களை அடுக்கி வைக்கும் முறையில் அந்நடைமுறை கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வடுக்கு இயந்திரத்தினுள் சென்று மறைந்ததே பிற்கால வரலாறு எனலாம்.

செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும் முறை 1960களில் இருவரால் தனித்தனியே சிந்திக்கப்பட்டது. ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் ரான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன். மற்றவர் பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ். அணுப்போரின் பின்னரும் எஞ்சி நிற்கக்கூடிய தொடர்பு அமைப்பைத் தேடிய பரன் 1964இல் வெளியிட்ட அறிக்கைத் தொகுதிகளுள் ஒரு முழுத் தொகுதி முன்னுரிமையையும் மிகைச்சுமையையும் பற்றியதாகும். பொதி வலையமைப்பு இவ்வுலகில் எங்கும் இயங்கத் தொடங்குமுன்னரே, அது நெரிசலுறும்பொழுது எதனைக் கைவிடுவது என்னும் சிந்தனை தோன்றிவிட்டது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அச்சிந்தனையின் வேர் இராணுவத்தில் இருந்தது. 1960களில் அமைக்கப்பட்ட 'ஓட்டோவொன்' என்னும் அமெரிக்கப் படைத்துறைத் தொலைபேசி வலையமைப்பின் கருவிகளில் வழமையான பன்னிரண்டு விசைகளுக்கு அப்பால் நான்கு முன்னுரிமை விசைகள் பொருத்தப்பட்டிருந்தன. உயர்ந்த விசையை அழுத்தும் உரிமையுடைய அதிகாரி, வழி முழுவதும் நிறைந்திருப்பின் கீழ்நிலை அழைப்பொன்றைத் துண்டித்துத் தம் அழைப்பைச் செலுத்தலாம். இதே படிநிலை, ஜோன் பொஸ்ரல் பதிப்பித்து 1981 செப்ரெம்பரில் வெளியான இணைய நடப்பொழுங்கின் ஆவணத்தில் எழுத்துக்கு எழுத்து இடம்பெற்றது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் எட்டுப் பிற்றுகள் சேவை வகைக்கென ஒதுக்கப்பட்டு, அவற்றுள் முதல் மூன்று முன்னுரிமையைக் குறித்தன. மூன்று பிற்றுகளால் எட்டு நிலைகளைக் குறிக்கலாம். 'வழமை', 'முன்னுரிமை', 'உடனடி', 'மின்னல்', 'மின்னலை மீறுவது' என ஏறிச் செல்லும் அப்பெயர்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குரியவையல்ல, படைத்தலைமையகத்துக்குரியவை. ஆனால் உச்சியிலுள்ள இரு நிலைகளும் எத்தளபதிக்கும் வழங்கப்படவில்லை. அவை வலையமைப்பு தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளும் செய்திகளுக்கு உரியனவாயின. பாதை எது என்னும் அறிவு தடைப்படின் தளபதியின் கட்டளையும் சென்றடையாது என்பதே காரணம். 1875இல் அரசுக்கு அடுத்த இடத்தில் நின்ற சேவைச் செய்தி, 1981இல் அரசுக்கும் மேலே ஏறிவிட்டது.

ஏட்டில் இருந்த இம்மூன்று பிற்றுகளையும் அன்றைய வழிப்படுத்திகள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. வந்த பொதி வந்த ஒழுங்கில் அனுப்பப்பட்டது, இடமில்லாதபோது கைவிடப்பட்டது. சிலநூறு கணினிகளைக் கொண்ட, ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர் சமூகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இந்நிலை 1986இல் முறிந்தது. அவ்வாண்டு ஒக்தோபரில், கலிபோர்ணியாவில் லோரன்ஸ் பேர்க்கிளி ஆய்வுகூடத்துக்கும் அதிலிருந்து ஏறத்தாழ 400 யார் தொலைவிலிருந்த பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவோட்டம் வினாடிக்கு 32,000 பிற்றிலிருந்து 40 பிற்றாக வீழ்ந்தது. வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றது. நெரிசலைக் கண்டால் அனுப்புபவரே தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் கண்ட வழி. இணையம் இன்றுவரை பிழைத்திருப்பது அதனாலேயே எனின் மிகையன்று.

இதேகாலத்தில் மற்றொரு வழியும் கையாளப்பட்டது. அது அத்துணை பரவலாக அறியப்படவில்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் 1986இல் தொடக்கிய முதுகெலும்பு வலையமைப்பின் இணைப்புகள் வினாடிக்கு 56,000 பிற்றுகளையே கடத்தின. அதில் டேவிட் மில்ஸ் ஆக்கிய வழிப்படுத்திகள் இயங்கின. நெரிசல் கடுமையாகவே, தொலைவிலுள்ள கணினியில் விசைப்பலகை வழியாக நேரடியாகப் பணியாற்றுவோரின் பொதிகளுக்கு முன்னிடமும், கோப்புப் பரிமாற்றம் போன்றவற்றுக்குப் பின்னிடமும் அளிக்கும் ஏற்பாடு அவ்வழிப்படுத்திகளில் செய்யப்பட்டது. அழுத்திய எழுத்துத் திரையில் தோன்றப் பல வினாடிகள் காத்திருந்தோரின் துயர் அதனால் நீங்கியது. ஆனால் இவ்வேற்பாடு பயனர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. அறிவித்திருப்பின் ஒவ்வொருவரும் தம் கோப்புகளையும் விசைப்பலகைப் பொதிகளாக வேடமிட்டு அனுப்பியிருப்பர். எல்லோரும் முந்தினால் எவரும் முந்தமாட்டார். முன்னுரிமைக் குறியைப் பொதியின்மேல் எழுதும் அதிகாரம் எவருடையது, அதனைச் சரிபார்ப்பவர் எவர் என்பனவே உண்மையான சிக்கல்கள் என்பதை இச்சிறு நிகழ்ச்சி உணர்த்துகின்றது. வெளிப்படையான நீதி ஒன்றை வகுக்க இயலாதபோது மறைவான நீதி கைக்கொள்ளப்பட்டது. அது நன்றாக இயங்கியது என்பதற்காக அதனை மெச்சிவிட முடியாது.

முன்னுரிமை என்பது புதிதாக எதனையும் ஆக்குவதில்லை என்பதற்குக் கணித நிரூபணமே உண்டு. வரிசைக் கோட்பாட்டை ஆராய்ந்த லெனாட் கிளைன்றொக் 1965இல் ஒரு காப்பு விதியை வெளியிட்டார். பணியிருக்கும்போது சேவையாளன் ஓய்ந்திராத எந்த வரிசையிலும், ஒழுங்கை எவ்வாறு மாற்றினும், ஒவ்வொரு வகுப்பின் காத்திருப்பையும் அதன் சுமையால் பெருக்கிக் கூட்டிய தொகை மாறாது என்பது அதன் சாரம். ஒரு வகுப்பார் காத்திராமல் தப்பிய நேரம் மற்றொரு வகுப்பாரின் தலையில் விடியும் என்பதே இதன் பொருள். ஜோன் நேகிள் 1985இல் முன்வைத்த நியாய வரிசை முறை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஒரு பொது வரிசைக்குப் பதிலாக, அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, முறைக்கு ஒரு பொதியாக எடுத்து அனுப்பினால், அடாவடியாக மிகுதியாக அனுப்புபவர் தம் வரிசையையே நீளச் செய்துகொள்வாரன்றி ஏனையோரை வதைக்கமாட்டார் என அவர் காட்டினார். 1989இல் டெமெர்ஸ், கேசவ், ஷென்கர் ஆகிய மூவரும் இதனைப் பொதிகளின் நீள வேறுபாட்டுக்கும் பொருந்துமாறு விரித்தனர். இவ்வரிசைகளுக்கு வெவ்வேறு நிறைகளை வழங்கி, ஒன்றுக்கு இரு பங்கும் மற்றொன்றுக்கு ஒரு பங்கும் எனப் பகிரவும் முடிந்தது. இன்றைய வழிப்படுத்திகளின் வரிசை முறைகள் இவ்வழிவந்தவையே.

1990களில் குரலையும் படத்தையும் இணையத்தில் அனுப்பும் ஆர்வம் பிறந்தபொழுது, ஒவ்வோர் உரையாடலுக்கும் வழிநெடுக இடம் முன்பதிவு செய்யும் திட்டம் 1994இல் முன்மொழியப்பட்டது. அதற்கான முன்பதிவு நடப்பொழுங்கு 1997இல் வெளிவந்தது. கொள்கையளவில் குறையற்ற இத்திட்டம், முதுகெலும்பிலுள்ள வழிப்படுத்தி இலட்சக்கணக்கான உரையாடல்களைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கவேண்டும் என்னும் ஒரே காரணத்தால் பெருவலையமைப்புகளுக்கு ஒவ்வாததாயிற்று. 1998 டிசெம்பரில் வெளியான வேறுபடுத்திய சேவைத் திட்டம் இதற்கு மாறான வழியைக் கண்டது. பொதியை ஆராய்ந்து தரம்பிரிக்கும் கடினமான பணி வலையமைப்பின் விளிம்பில் ஒருமுறை மட்டும் நிகழும். நடுவிலுள்ள வழிப்படுத்திகள் ஏற்கெனவே எழுதப்பட்ட குறியை மட்டும் பார்த்து நடந்துகொள்ளும். இதற்கெனப் பழைய எட்டுப் பிற்றுகளுள் ஆறு எடுத்துக்கொள்ளப்பட்டு, 64 குறிகளுக்கு இடம் கிடைத்தது.

சீட்டு ஆளிமுறை இதே ஆண்டுகளில் முற்றிலும் வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு வழிப்படுத்தியும் ஒவ்வொரு பொதியின் முகவரியையும் நீண்ட அட்டவணை ஒன்றில் தேடி, மிக நெருங்கிப் பொருந்தும் பதிவைக் கண்டறியவேண்டியிருந்தது. அன்றைய வழிப்படுத்திகளுக்கு அது சுமையான பணி. தொலைபேசி உலகிலிருந்து வந்த ஏ.ரி.எம். ஆளிகளோ சிறிய எண் ஒன்றைப் பார்த்துக் கணத்தில் திசை திருப்பின. இவ்விரண்டையும் இணைக்க 1990களின் நடுப்பகுதியில் இப்சிலன், தொஷிபா, சிஸ்கோ, ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் தத்தம் முறைகளை முன்வைத்தன. 1997இல் இணையப் பொறியியற் செயலணி அமைத்த பணிக்குழு இவற்றை ஒன்றாக்க முனைந்தது. 2001 சனவரியில் எம்.பி.எல்.எஸ். என்னும் பெயரில் நியமம் வெளிவந்தது. வலையமைப்பின் வாயிலில் பொதியின் முன்னே ஒரு சீட்டு ஒட்டப்படும். அதன்பின் வழியிலுள்ள எவரும் முகவரியைப் பார்ப்பதில்லை. சீட்டிலுள்ள எண்ணைப் பார்த்து, அதற்குப் பதில் வேறு எண்ணை எழுதி, அடுத்தவருக்குத் தள்ளிவிடுவர். இதற்கிடையில் முகவரி தேடும் வன்பொருள்களும் போதிய வேகம் பெற்றுவிட்டன. வேகத்துக்காகப் பிறந்த முறை, நியமமாவதற்கு முன்னரே அக்காரணத்தை இழந்துவிட்டது. ஆயினும் பாதைகளைத் தாமே வகுக்கவும், ஒரே வலையமைப்பில் பல நிறுவனங்களின் தனிவலையமைப்புகளைக் கலவாது நடத்தவும் சீட்டு உதவியமையால் அது நிலைத்தது.

அச்சீட்டு 32 பிற்றுகளால் ஆனது. முதல் 20 பிற்றுகள் சீட்டெண். இறுதி எட்டும் பொதி முடிவின்றிச் சுற்றுவதைத் தடுக்கும் ஆயுள் எண். அதற்கு முன்னுள்ள ஒன்று, அடுக்கில் இதுவே கடைசிச் சீட்டா என்பதைக் குறிப்பது. இவற்றிடையே நின்ற மூன்று பிற்றுகளே இவ்வரலாற்றின் மையம். சேவை வகுப்பைக் குறிப்பதற்கென்றே அவை வைக்கப்பட்டன. ஆனால் வகுப்புகள் யாவை, எவ்வாறு பயன்படும் என்பன அன்று போதிய தெளிவு பெற்றிருக்கவில்லை. ஆதலால் நியமம் அவற்றுக்குச் 'சோதனைப் பயன்பாடு' என்னும் பொருளில் 'எக்ஸ்ப்' என்று பெயரிட்டு விட்டுவிட்டது. பொருள் வரையறுக்கப்படாத அந்த இடத்திலேதான் உலகின் பெரும் வலையமைப்புகளின் முன்னுரிமை முழுவதும் குடியேறியது.

வழிப்படுத்தியினுள் நிகழ்வதைச் சற்று விரித்து நோக்குதல் தகும். விளிம்பில் நுழையும் பொதி, அது குரலா, வங்கிக் கணக்கா, அஞ்சலா எனத் தரம்பிரிக்கப்படும். வாடிக்கையாளர் ஒப்பந்தம் செய்த அளவுக்குள் உள்ளதா என அளக்கப்படும்; அளவை மீறியது தாழ்ந்த குறி பெறும் அல்லது கைவிடப்படும். எஞ்சியது மூன்று பிற்றுக் குறியுடன் சீட்டேற்று உள்ளே செல்லும். நடு வழிப்படுத்தி அக்குறியைக் கண்டு பொதியை உரிய வரிசையில் இடும். குரலுக்குரிய வரிசையில் ஏதேனும் இருக்கும்வரை ஏனைய வரிசைகள் தொடப்படமாட்டா; ஏனையவற்றிடையே நிறைக்கேற்பப் பங்கீடு நிகழும். குரலின் வரிசைக்கு மேலெல்லை ஒன்று விதிக்கப்படாவிடின் மற்றவை பட்டினி கிடக்கும். ஆதலால் முதலிடம் பெற்றவரையே மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தவேண்டியுள்ளது. வரிசைகள் நீளத் தொடங்கும்போது, முழுவதும் நிரம்புமுன்னரே தாழ்ந்த குறியுடைய பொதிகள் சில எழுமானமாகத் தெரிந்து கைவிடப்படும். சாலி புளொயிட்டும் ஜேக்கப்சனும் 1993இல் வெளியிட்ட முறையின் வழி வந்தது இது.

இவ்வளவும் செய்தபின்னரும் முன்னுரிமைக்கு எட்டாத ஒன்று உண்டு. அனுப்பத் தொடங்கிய பொதியை இடைநிறுத்துவது வழமையன்று. 1,500 பைற்று நீளமான கோப்புப் பொதி ஒன்று, வினாடிக்கு 64,000 பிற்று இணைப்பில் வெளியேற 187.5 மில்லி வினாடி எடுக்கும். தொலைபேசி உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்கு உட்பட்டிருத்தல் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. எனவே உச்ச முன்னுரிமை பெற்ற குரற்பொதியும் அத்தகைய இணைப்பில் ஒரேயொரு கோப்புப் பொதியின் பின்னால் நின்றே கெட்டுவிடும். அதே பொதி வினாடிக்கு 1,000 கோடி பிற்று இணைப்பில் 1.2 மைக்ரோ வினாடியில் அகன்றுவிடும். ஒடுங்கிய வழியில் முன்னுரிமை போதாது. அகன்ற வழியில் அது பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. அதன் ஆட்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பிலும், இணைப்பொன்று அறுந்து சுமை முழுவதும் எஞ்சிய வழியில் திரளும் வேளைகளிலுமே நிகழ்கின்றது.

ஆறு பிற்றுகள் மூன்றாக ஒடுங்கியதால் எழுந்த இடர்ப்பாடும் குறிப்பிடத்தக்கது. பொதியின் சொந்தத் தலைப்பில் 64 குறிகளுக்கு இடமிருக்க, சீட்டில் எட்டுக்கே இடமுண்டு. வழமைச் சேவை ஒன்று, விரைவுச் சேவை ஒன்று, உறுதிச் சேவையின் நான்கு வகுப்புகள் மும்மூன்று கைவிடல் நிலைகளாகப் பன்னிரண்டு என, நியமங்கள் பரிந்துரைத்தவையே பதினான்கு. 2002 மே மாதம் வெளியான ஆவணம் இரு வழிகளை வகுத்தது. முதலாவதில் ஒரே பாதையில் எட்டு வகுப்புகள்வரை சென்று, மூன்று பிற்றுகளும் வகுப்பைச் சொல்லும். இரண்டாவதில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பாதை அமைத்து, சீட்டெண்ணே வகுப்பைச் சொல்ல, மூன்று பிற்றுகளும் கைவிடும் நிலையை மட்டும் சொல்லும். கொள்கையளவில் இரண்டாவதே நுண்மையானது. நடைமுறையில் எளிமையான முதலாவதே பரவியது. பல வலையமைப்புகளுக்கு எட்டு வகுப்புகளே மிகையாக இருந்தன.

இதே ஆவணம் எழுப்பிய மற்றொரு வினா இன்னும் ஆழமானது. வாடிக்கையாளர் தம் பொதியின் தலைப்பில் ஒரு குறி இட்டிருப்பார். வலையமைப்பின் உரிமையாளர் அதன்மேல் ஒட்டிய சீட்டில் வேறொரு குறி இடுவார். மறுமுனையில் சீட்டு கழற்றப்படும்போது எக்குறி நிலைக்கும்? சீருரு முறையில் சீட்டின் குறி உள்ளே நகலெடுக்கப்படும். வலையமைப்பின் தீர்ப்பு வாடிக்கையாளரின் எழுத்தை அழித்துவிடும். குழாய் முறையில் சீட்டின் குறி சீட்டோடு ஒழியும். வாடிக்கையாளர் எழுதியது எழுதியபடியே வெளிவரும். சீட்டைக் கடைசிக்கு முந்திய வழிப்படுத்தியே கழற்றிவிடும் வழக்கம் இருந்தமையால், கடைசி வழிப்படுத்தி எதனை நம்புவது என்னும் குழப்பத்தைத் தீர்க்கக் குறுங்குழாய் முறை ஒன்றும் வேண்டப்பட்டது. தனிவலையமைப்புகளை விற்போர் பெரும்பாலும் குழாய் முறைகளையே விரும்பினர். கட்டணம் செலுத்துபவரின் பொதியில் கைவைக்காமலே தம் எல்லைக்குள் தம் ஆட்சியை நடத்த அவை இடமளித்தன.

பொதிகளுக்கு மட்டுமன்றிப் பாதைகளுக்கும் முன்னுரிமை உண்டு. 2001 டிசெம்பரில் விரிவாக்கப்பட்ட முன்பதிவு நடப்பொழுங்கின்படி, ஒவ்வொரு பாதைக்கும் இடம்பிடிக்கும் தரம் ஒன்றும் பிடித்த இடத்தைக் காக்கும் தரம் ஒன்றும் வழங்கப்படும். இடம்பிடிக்கும் தரம் உயர்ந்த பாதை, காக்கும் தரம் தாழ்ந்த பாதையை அகற்றித் தான் அமரலாம். பழைய படைத்துறைத் தொலைபேசியின் துண்டிப்பு உரிமை இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றது. இதில் 0 உயர்ந்தது, 7 தாழ்ந்தது. பொதியின் குறியிலோ வழமையாகப் பெரிய எண்ணே உயர்ந்தது. இம்முரண்பாட்டை எந்நியமக் குழுவும் சீராக்க முற்படவில்லை.

இத்துணைக் கருவிகளும் இருந்தும், திறந்த இணையத்தில் முன்னுரிமைச் சேவை வேரூன்றவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்ரநெற்2 கூட்டமைப்பு 1998இல் தொடங்கிய கியூபோன் என்னும் முயற்சி, பல வலையமைப்புகளை ஊடறுத்துச் செல்லும் உயர்சேவை ஒன்றை அமைக்கப் பாடுபட்டு 2002இல் கைவிட்டது. வழியிலுள்ள எல்லா வலையமைப்புகளும் ஒருங்கே இசைந்தாலன்றி உறுதி பிறவாது. நெரிசலில்லாத வலையமைப்பில் உயர்சேவைக்குப் பணம் கொடுப்பாரும் இலர். அதிகக் கொள்ளளவு வாங்குவது, நுண்ணிய நீதி வகுப்பதைவிட மலிவாக முடிந்தது. எனவே மூன்று பிற்றுகளின் ஆட்சி ஒரே உரிமையாளரின் வலையமைப்புக்குள், பெரும்பாலும் வங்கிகளும் நிறுவனங்களும் வாடகைக்கெடுத்த தனிவழிகளில் அடங்கி நின்றது.

அதற்கு வெளியே அதே வினா சட்டத்தின் வினாவாக மாறியது. 2003இல் ரிம் வூ என்னும் சட்ட அறிஞர் 'வலையமைப்பு நடுநிலை' என்னும் தொடரை அறிமுகப்படுத்தினார். பணம் பெற்று ஒருவரின் பொதியை முந்தவிடலாகாது என ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 2015இல் விதித்தது, 2017இல் நீக்கியது, 2024இல் மீட்டது, 2025 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இயற்றிய ஒழுங்குவிதி சமநடத்தையை வலியுறுத்தியபோதும், தனிச்சிறப்புச் சேவைகளுக்கு வாயிலொன்றைத் திறந்தே வைத்தது. 1987இல் மில்ஸ் செய்த ஏற்பாடு விசைப்பலகை முன் அமர்ந்திருந்தவரைக் காத்தது. எவரிடமும் பணம் பெறவில்லை. ஆயினும் பொதி எவ்வகையினது என நோக்கி முந்தவிடும் அதே இயந்திரம், பொதி எவருடையது என நோக்கி முந்தவிடவும் வல்லது. வழிப்படுத்திக்கு இவ்விரண்டும் ஒன்றே. வேறுபாடு குறியை எழுதியவரின் நோக்கத்தில் மட்டுமே உள்ளது. அந்நோக்கத்தை மூன்று பிற்றுகளில் எழுத இடமில்லை.

சோதனைப் பெயரும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 'சோதனை' என்னும் பெயரைக் கண்டு, அவ்விடத்தைத் தாமும் சோதனைகளுக்குப் பயன்படுத்தலாம் எனச் சிலர் மயங்க நேர்ந்தமையால், 2009 பெப்ரவரியில் வெளியான சிற்றாவணம் அதற்குப் 'போக்குவரத்து வகுப்பு' எனப் பெயர் மாற்றியது. தொடக்கத்திலிருந்தே வகுப்பைக் குறிக்கவே அவ்விடம் கருதப்பட்டது என்பதையும் அவ்வாவணம் எடுத்துரைத்தது. 2018இல் துண்டுவழிப் பாதை முறை நியமமாகி, பாதையை அமைக்கும் பழைய நடப்பொழுங்குகள் பலவற்றைத் தேவையற்றனவாக்கியபொழுதும், சீட்டின் உருவம் மாற்றப்படவில்லை. இருபது பிற்றுகளின் பின்னால் அம்மூன்றும் முன்போலவே நிற்கின்றன. ஓட்டோவொன் விசைகளின் எட்டாத வாரிசுகளாகிய எட்டு நிலைகளும் அவற்றினுள் அடங்கியுள்ளன.